நூற்றுக்கு நூறு வாங்கிய கிளை

"அந்த நாலு ரிப்போர்ட்டையும் குடுங்க சார். நான் பாக்கணும்."

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தார்கள்: அடுத்தவர் எழுதிய அறிக்கையை மட்டும் கேட்கவே கூடாது. அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அவர்கள் தொழில் அப்படி. சாதாரண வாடிக்கையாளர் மாதிரி வங்கிக் கிளைக்குள் போக வேண்டும். டோக்கன் எடுத்து உட்கார வேண்டும். தொலைந்த அட்டையைப் பற்றியோ கல்விக் கடனைப் பற்றியோ விசாரிக்க வேண்டும். எவ்வளவு கேவலமாகப் பேசினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மதிப்பெண் போட வேண்டும். போய் வந்ததற்கு அத்தாட்சியாக, நேரம் அச்சான டோக்கனை அறிக்கையோடு பின் குத்தித் தர வேண்டும். டோக்கன் இல்லையென்றால் சம்பளம் இல்லை. போட்டோவெல்லாம் செல்லாது. தன் ஊழியர்களை வேவு பார்க்க வங்கியே இதற்குக் காசு கொடுக்கிறது.

"எதுக்கு?" என்றார் டைரக்டர்.

"அக்கா கசியவிடலைன்னு காட்டுறதுக்கு."

அட்டவணை அக்கா மூலை நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். யார், எந்தக் கிளைக்கு, எப்போது போக வேண்டும் என்று பதினோரு வருஷமாக அட்டவணை போடுகிறவள் அவள்தான். வேறு யாருக்கும் அது தெரியாது. மதிப்பெண் நாற்பதைத் தாண்டாத ஒரு மூலைக் கிளை, நாலு மாதமாக நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்தது. கிளைக்கு யாரோ முன்கூட்டியே தகவல் சொல்கிறார்கள் என்று வங்கித் தலைமை கடிதம் எழுதிவிட்டது.

"வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு நான் அந்தக் கிளைக்கே போய் விளக்கம் சொல்லணும். ஒரு பேரைச் சொல்லியாகணும். இவங்களைத் தவிர யாரும்மா இருக்கா?" என்றார் டைரக்டர்.

"துப்பு வித்தவன்னு பேர் வாங்கிட்டு வெளிய போனா, யாரு சார் எனக்கு வேலை குடுப்பா?" என்றாள் அக்கா. அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

அறிக்கை கேட்டு நின்ற இவள் கோபம் வந்தால் கத்துவாள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கோபம் வந்தால் இவள் குரல் இறங்கும். "ரிப்போர்ட்டைக் குடுங்க சார்," என்றாள், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. டைரக்டர் இழுப்பறையைத் திறந்தார்.

வீட்டில் அவளுக்கு 'டிகிரி' என்று பெயர். குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. பேர் வைத்தது அத்தை. அத்தை பள்ளிச் சீருடை தைக்கிறவள். வீட்டு முன்னறை முழுக்க நீலத் துணி, நூல்கண்டு, காலர் அட்டை. துணியை ஒதுக்கிவிட்டு டிகிரி நாலு அறிக்கைகளையும் பரப்பினாள்.

"அந்தக் கிளை மேனேஜருக்கும் உங்க டைரக்டருக்கும் உள்ளுக்குள்ள தொடர்பு இருக்கு," என்றாள் அத்தை, இன்னும் ஒரு வரிகூடப் படிக்காமல்.

"முதல்ல படி அத்தே."

முதல் மாதம் போனவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அத்தை உரக்கப் படித்தாள்: "'நான் நுழைந்தபோது காவலாளி செல்போனில் மூழ்கியிருந்தார், நிமிரவில்லை. சற்று நேரத்தில் எழுந்து தொப்பியைச் சரிசெய்தார், புன்னகைத்தார், இருக்கை காட்டினார். பதினேழாம் எண் அழைக்கப்பட்டது, சென்றேன். அடுத்த எண்ணை மூன்று முறை கூப்பிட்டும் யாரும் வராததால், அந்தப் பெண் அவசரமின்றி என்னோடு பேசினார்.' வாத்தியார் எழுத்துன்னா எழுத்துதான்."

இரண்டாம் மாதம் ஒரு கர்ப்பிணி. கதவருகே அவள் தடுமாறியபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீரே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டாம் எண்ணுக்கு அவளை எழுப்பக்கூட இல்லை, கவுண்டர் பெண்ணே வெளியே வந்துவிட்டாள். மூன்றாவது ஆள், கல்லூரி முடித்து வேலை தேடும் ஒருவன். அவனுக்கும் முதலில் அலட்சியம், பிறகு தேன். நாலாவது அறிக்கை டிகிரியுடையதே.

"அக்கா சொல்லிக் குடுத்திருந்தா எப்ப மரியாதை குடுப்பாங்க, அத்தே?"

"வாசல்லயே."

"இங்க நாலு பேருக்கும் உள்ள போனதுக்கப்புறம்தான் குடுத்திருக்காங்க. மூணாவது ஆளுக்குப் பதிலா வேற ஒருத்தர்தான் போகவேண்டியது. அவருக்குக் காய்ச்சல், கடைசி நிமிஷத்துல இவன் போனான். அவனையும் கண்டுபிடிச்சிட்டாங்க."

"அப்ப முகத்துல எழுதி ஒட்டியிருக்கா?"

"அதைத்தான் தேடணும்."

அத்தைக்கு உற்சாகம் தாங்கவில்லை. "செருப்பு," என்றாள். "உங்க ஆபீஸ்ல எல்லாரும் ஒரே மாதிரி செருப்பு போடுறீங்களோ?" பிறகு கேமரா என்றாள். பிறகு கர்ப்பிணி மேலேயே சந்தேகம் என்றாள். டிகிரி அறிக்கைகளைத் தன் பக்கம் இழுத்தாள். பின் குத்தியிருந்த டோக்கன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்தாள்: பதினெட்டு, நாற்பத்து மூன்று, ஏழு, முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு அவளுடையது. அதற்குப் பக்கத்தில் தன் அறிக்கையை வைத்து ஒருமுறை படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. நான் எவ்வளவு பெரிய புத்திசாலின்னு நெனச்சேன். நாளைக்கு நீ அந்த வங்கிக்குப் போற அத்தே."

புதன்கிழமை அத்தை போனாள். எதையும் யோசிக்காமல் நீ எப்படிப் போவாயோ அப்படிப் போ என்று மட்டும் டிகிரி சொல்லியிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவள் கோபத்தில் புகைந்தாள்.

"உக்கார இடமில்ல. அந்த வாட்ச்மேன் போனை விட்டுக் கண்ணெடுக்கலை. கவுண்டர்காரிகிட்ட ஒரு சந்தேகம் கேட்டா, 'அங்க எழுதிப் போட்டிருக்கில்ல, படிக்கத் தெரியாதா'ங்கறா. போன உடனே கையில இருந்த டோக்கனையும் புடுங்கி டப்பால போட்டுக்கிட்டா, ஏதோ அவ அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி."

படிக்கத் தெரியாதா. அந்த வார்த்தையை டிகிரி சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ கவுண்டர்களில். இந்த இரண்டு வருஷமாக அதற்குப் பத்துக்கு இரண்டு போட்டு, கீழே கையெழுத்துக்கூடப் போடாமல் அனுப்பிக்கொண்டிருந்தாள். "சரி. நாளைக்கும் நீதான் போற," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

வியாழக்கிழமை அத்தை வேறு புடவை கட்டிக்கொண்டாள், கொண்டையை மாற்றினாள், யாரும் கேட்காமலே மூக்குக்கண்ணாடியும் போட்டுக்கொண்டாள். வங்கி வாசலில் டிகிரி அவள் காதில் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"அவ்வளவுதானா? இதுக்கா நான் கண்ணாடி போட்டேன்?"

இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தபோது அத்தையின் முகம் பரீட்சையில் பாஸானவள் முகம். "தண்ணி குடுத்தாங்கடி. துடைக்கப் பேப்பர் வேற. நேத்துப் படிக்கத் தெரியாதான்னு கேட்டவ இன்னைக்கு ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டுறா. மேனேஜர் எந்திரிச்சு வந்து 'வேற ஏதாவது வேணுமாம்மா'ங்கறான். எனக்கே கணக்கு ஆரம்பிச்சுடலாமான்னு இருந்துச்சு."

அன்று மாலை டிகிரி ஒரு கடிதம் எழுதினாள். அதில் என்ன என்று அத்தையிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு மேனேஜர் அறையில் ஐந்து பேர். மேனேஜர், அவர் பின்னால் அலமாரியில் சிறந்த கிளைக்கான கேடயம். டைரக்டர். அட்டவணை அக்கா. கதவோரம், கூப்பிட்டதால் வந்து தயங்கி நின்ற காவலாளி. நடுவில் டிகிரி. அத்தை வெளியே கூடத்தில் இருந்தாள்.

"இவங்க யாரு?" என்றார் மேனேஜர்.

"போன மாசம் கல்விக் கடன் கேக்க வந்தவ. எனக்கு நீங்க நூறு மார்க் அளவுக்கு உபசாரம் பண்ணீங்க. நன்றி," என்றாள் டிகிரி.

டைரக்டர் அவள் பக்கம் வேகமாகத் திரும்பினார். அவள் கவனிக்காத மாதிரி நாலு டோக்கன்களையும் மேஜையில் வைத்தாள்.

"வாத்தியார் பதினேழாம் எண்ணுக்குப் போனேன்னு எழுதியிருக்கார். அவர் பின் குத்தினது பதினெட்டு. கர்ப்பிணிப் பொண்ணு நாப்பத்திரண்டு. குத்தினது நாப்பத்து மூணு. பையன் ஆறு, குத்தினது ஏழு. நான் முப்பத்தொண்ணு, குத்தினது முப்பத்திரண்டு. எல்லாருக்கும் ஒண்ணு கூட. ஏன்?"

மேனேஜர் குனிந்து டோக்கன்களைப் பார்த்தார்.

"நாலு மாசம் முன்னாடி இந்தக் கிளையில புதுசா ஒரு பழக்கம் கொண்டுவந்தீங்க. பழைய டோக்கனை வெச்சு வரிசையைத் தாண்டுறாங்கன்னு, கவுண்டர்லயே வாங்கி டப்பால போட ஆரம்பிச்சீங்க. எங்க ஆபீஸ்ல டோக்கன் இல்லாம சம்பளம் கிடையாது. அப்ப எங்க ஆளு என்ன பண்ணுவான்? மெஷினை ரெண்டு தடவை அமுக்குவான். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எங்களுக்கு. நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம அதையே பண்ணியிருக்கோம். ஒவ்வொருத்தரும் நாமதான் இதைக் கண்டுபிடிச்சோம்னு பெருமைப்பட்டிருக்கோம். நானும்தான். அதனாலதான் ஒவ்வொரு தடவையும் அடுத்த எண்ணைக் கூப்பிட்டா ஆள் வர்றதில்ல. அந்த ஆளு ஏற்கெனவே கவுண்டர்லதான் நிக்கிறான்."

அட்டவணை அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"முந்தாநாள் எங்க அத்தை ஒரு தடவை அமுக்கினாங்க. படிக்கத் தெரியாதான்னு கேட்டீங்க. நேத்து ரெண்டு தடவை அமுக்கினாங்க. தண்ணி குடுத்தீங்க. அத்தை எங்க அட்டவணையிலயே கிடையாது. அக்கா அவங்களைப் பாத்ததுகூட இல்ல." டிகிரி கதவோரம் திரும்பினாள். "அண்ணே, தொப்பியைச் சரிபண்றதுதானே சைகை?"

காவலாளி மேனேஜரைப் பார்த்தார். பிறகு, என்ன வந்தாலும் வரட்டும் என்பது போலத் தொப்பியையே கழற்றிவிட்டார்.

"எனக்கு யாரும் சொல்லலம்மா. நாள் பூரா அந்த மெஷின் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், போனைப் பாத்தாலும் சீட்டு வர்ற சத்தம் காதுல விழும். அந்த வாத்தியார் ரெண்டு சீட்டு எடுத்தாரு. வயசானவரு, தெரியாம எடுத்துட்டாருன்னு எந்திரிச்சு உக்கார வெச்சேன். பத்து நாள்ல நூறு மார்க்னு சொல்லிக் கேடயம் குடுத்தாங்க. ஒருத்தரு ரெண்டு சீட்டு எடுத்து ஒண்ணைப் பத்திரமா பைக்குள்ள வெக்கிறாருன்னா சும்மாவா? சார்கிட்ட சொன்னேன். தொப்பியைத் தொடு, மத்ததை நாங்க பாத்துக்கறோம்னாரு."

"நல்ல சேவை செஞ்சது ஒரு குத்தமா?" என்றார் மேனேஜர்.

"ரெண்டு சீட்டு எடுத்தவங்களுக்கு மட்டும் செஞ்சதுதான் குத்தம். இன்னொண்ணு சார். இந்த அண்ணனை வேலைய விட்டுத் தூக்கலாம்னு பாக்காதீங்க. உங்க கிளையில உள்ள வர்ற ஆளைக் கவனிக்கிறவரு இவர் ஒருத்தர்தான். இதையும் சேத்துத்தான் காலையில உங்க தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். எங்க டோக்கன் விதியோட தப்பையும் எழுதியிருக்கேன். கீழ என் கையெழுத்தும் இருக்கு."

மேனேஜர் கேடயத்தைத் திரும்பிப் பார்த்தார், அது இன்னும் இருக்கிறதா என்பது போல.

டைரக்டர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, நீங்க திங்கக்கிழமை வழக்கம்போல வந்துடுங்க," என்றார் அக்காவிடம், சுவரைப் பார்த்து.

"அவங்க மூஞ்சியைப் பாத்து மன்னிப்புக் கேளுங்க சார்," என்றாள் டிகிரி.

அவர் கேட்டார். சத்தம் காலருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"கேக்கல சார்," என்றாள் அக்கா. அவளுக்கு நன்றாகவே கேட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் மறுபடி சொன்னார், இந்தத் தடவை கூடம்வரை கேட்டது. "வரேன் சார்," என்றாள் அக்கா. "ஆனா வழக்கம்போல இல்ல. பத்தரைக்குத்தான் வருவேன். நாலு நாளாத் தூக்கமில்ல."

டைரக்டர் டிகிரியைத் தனியே இழுத்தார். "மூளைக்காரிதான். ஆனா இவங்க எல்லார் முன்னாடியும் மூஞ்சியைக் காட்டிட்டியே. தலைமைக்குக் கையெழுத்தோட வேற. இனி எந்தக் கிளைக்கும்மா உன்னை அனுப்ப முடியும்? சரி போ, ஆபீஸ்லயே உக்காந்து ரிப்போர்ட் சரிபாரு. சம்பளம் கூட்டித் தர்றேன்."

அவள் பைக்குள் கைவிட்டுக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். அதன் மேல் நேற்றைய தேதி இருந்தது.

"ராஜினாமாவை நேத்தே எழுதிட்டியா? இங்க என்ன நடக்கும்னு தெரியறதுக்கு முன்னாடியேவா?"

"என்ன நடந்தாலும் இதான் சார். ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சது போதும். படிக்கத் தெரியாதான்னு கேட்டா, இனி அங்கயே நின்னு பதில் சொல்லணும்."

அவர் கடிதத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அக்காவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். அக்கா பலமாகச் சிரித்தாள். கூடத்தில் அத்தை, அதே கவுண்டர் பெண்ணை நிறுத்திவைத்துக் கணக்கு ஆரம்பிக்க என்னென்ன வேண்டும் என்று மூன்றாவது தடவையாக விளக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "முடிச்சிட்டு மெதுவா வா அத்தே," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல், டிகிரி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் நடந்தாள்.