ஊர்ப்படத்தில் என் கல்யாணம்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. சந்தேகமிருந்தால் கோவில்பட்டி சர்வரைத் தொட்டுச் சத்தியம் செய்யவும் தயார். அது கொதிக்கும் என்பதால் சற்றுத் தள்ளி நின்று தொடுவேன்.

காலைக் காபி ஆனதும் ஊரே உட்கார்ந்து ஊர்ப்படத்தை எடிட் செய்யும். ஊரில் எல்லோர் வாழ்க்கையும் சேர்ந்த ஒரே சினிமா அது. ஒரிஜினல் காட்சிகள் கனமானவை. அவை சர்வரிலேயே கிடக்கும். எங்கள் கைக்கு வருவது இலேசுநகல். ஃபோல்டரின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நகல் தன் ஒரிஜினலைத் தேடிப் போகும். நகல் தேடி வராத ஒரிஜினலை, இடம் மிச்சம் பிடிக்க, சாயங்காலம் துடைப்பான் என்ற புரோகிராம் விழுங்கிவிடும்.

படத்தில் இல்லாதது நடக்கவில்லை. சட்டம் அப்படி. போன ஐப்பசி மழையை யாரோ வெட்டிவிட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று வறட்சி நிவாரணம் வாங்கினோம்.

என் மச்சினன் செண்பகராஜ் எங்கள் கல்யாண ஃபோல்டரை அடிக்கடி திறப்பதைக் கவனித்தேன். அக்காவை எனக்குக் கொடுத்ததில் அவனுக்கு ஆதியிலிருந்தே மனத்தாங்கல்.

"என்ன மாப்ளே, எங்க கல்யாணத்துல உனக்கென்ன வேலை?"

"கலர் சரி பண்றேன் அத்தான். தாலி கட்டுற ஷாட்ல முகமே தெரியல, ஒரே இருட்டு."

"நேர்ல மட்டும் என்ன வாழுதாம்?" என்றாள் என் மனைவி மரகதவல்லி. "அவன் செய்யட்டும். நீங்க எதையும் தொடாதீங்க."

அக்காளும் தம்பியும் ஒரே குரலில் பேசினால் என்ன அர்த்தம்? இருவரும் சாப்பிடப் போன நேரம், ஃபோல்டரின் பெயரை 'பழைய கரண்ட் பில்' என்று மாற்றினேன். உலகத்தில் எவனும் அதைத் திறக்கமாட்டான்.

சாயங்காலம் தாலி கட்டும் இடத்தில் திரை சிவந்தது: 'மூலம் காணவில்லை.' துடைப்பான் ஏப்பம் விட்டிருந்தது.

"ஃபோல்டர் பேரை மாத்துனது யாரு?" என்றாள் மரகதவல்லி. நான் செண்பகராஜைச் சந்தேகத்தோடு பார்த்தேன்.

வெற்றிலை வாங்கித் திரும்பினேன். வாசற்கதவு ஊர்ப்படத்தைப் பார்த்து ஆள் அறியும் ரகம். "யார் நீங்கள்? இந்த வீட்டில் உங்களுக்கு உறவில்லை" என்றது. மரகதவல்லி உள்ளிருந்து இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. ஜன்னல் கம்பி வழியே தோசையை நீட்டினாள்.

"நாளைக்கே மறுபடி கட்டிருங்க. படமெடுத்துச் சேர்த்தா கதவு திறந்துரும்."

"யார் படமெடுக்கிறது?"

"தம்பிதான். வேற யாரு?"

அப்போதுதான் அவன் திட்டம் முழுதாகப் புரிந்தது: மறுபடி எடுக்கும்போது என்னை வெட்டிவிடத்தான் இத்தனையும். "அவன் எடுக்கிறதா இருந்தா வேண்டாம்" என்றேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சட்னி போதுமா?" என்றாள்.

இப்படியாக அவன் சூழ்ச்சியை முறியடித்தேன். எனக்கு இதுவரை கல்யாணமே ஆகவில்லை.