மிதவையைத் தொட்ட குதிகால்

படகை ஏற்றி அவள் தள்ளிவந்த வண்டியின் சக்கரம் அவன் கால்மேல் ஏறி நின்றது.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்றான்.

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. மழையில் நனைந்து நின்றவனை மேலும் கீழும் பார்த்தாள். நல்ல நெட்டை... தோளில் பழைய லைஃப் ஜாக்கெட்.

"உங்க எடை என்ன?"

"பாத்ததும் ஒரு பொண்ணு கேக்குற கேள்வியா இது?"

தம்பியோடு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவள் அவள். அடுத்த ஒலிம்பிக்குக்கான தேர்வின் கடைசிப் பந்தயம் இன்று. இருவர் ஓட்டும் பாய்மரப் படகு, சுக்கான் அவளுடையது. கம்பியில் தொங்கிப் படகைச் சாயவிடாமல் பிடிக்க வேண்டிய தம்பி, 'வர்ற ஒலிம்பிக்கோட எனக்குப் போதும்' என்று சொல்லிக்கொண்டிருந்தவன், காலையில் பாசியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். மாற்றாள் ஏற்ற நடுவர்கள் சம்மதித்துவிட்டார்கள். ஆள்தான் இல்லை.

"பாய் கட்டின படகு பழக்கம்தானே?"

"விட்டாச்சு. இந்த ஜாக்கெட்டைத் திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன்."

"நாளைக்குக் குடுங்க. ஏறுங்க."

கடலில் அவன் வேறு ஆளாக இருந்தான். தண்ணீரை உரசித் தொங்கியபடி, "காத்து வருது... இப்போ..." என்றான். சொன்ன நொடியில் வந்தது. அவள் திரும்பினாள். மழைத்துளி தொங்கும் இமைகள்... உள்ளே எரிச்சலாக இரண்டு கண்கள்.

"என்னைப் பாக்காதீங்க. பாயைப் பாருங்க."

அவள் காது சுட்டது.

முதலாவதாக வந்து கடைசி மிதவையை ஒட்டி வளைந்தார்கள்.

"குதிகால் மிதவையில பட்டுடுச்சு," என்றான்.

படகோ ஆளோ பட்டால், படகை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் போக வேண்டும், நடுவர் பார்க்காவிட்டாலும். சுற்றினால் முதலிடம் போகும். முதலிடம் போனால் ஒலிம்பிக்கும் போகும்.

"யாரும் பாக்கல..."

"ஆமா. ஆனா பட்டுச்சு. சுக்கான் உங்க கையில."

பாவி... வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே. பல்லைக் கடித்தாள். சுக்கானைத் தள்ளினாள். பாய் படபடத்தது. படகு சுற்றி முடிப்பதற்குள் இரண்டு படகுகள் தாண்டிவிட்டன. வெறியோடு விரட்டி ஒன்றைப் பிடித்தார்கள். மற்றதை மயிரிழையில் விட்டார்கள்.

கரையில் அவளுடைய அப்பா. கோச்சும் அவர்தான். ஏன் சுற்றினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் வெடித்தார்.

"அரிச்சந்திரன் பரம்பரையோ? இந்த நெட்டையன் இனிமே என் படகுல கால் வைக்கக் கூடாது."

"பழக்கம்தான் சார்," என்றான் அவன். "போன படகுலயும் இதைச் சொல்லித்தான் இறக்கி விட்டாங்க." நடக்கத் தொடங்கினான்.

"சுக்கானைத் திருப்புனது நான்ப்பா," என்றாள் அவள். "நாளைக்கே மறுபடி ஆரம்பிக்கிறேன். இவர்கூடத்தான். உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேற கோச் பாத்துக்கிறேன்."

அப்பா ஈரக் கயிற்றை வெடுக்கென்று சுருட்டினார். பிறகு, "காலையில லேட்டா வந்தா ரெண்டு பேரையும் சேத்துக்க மாட்டேன்," என்றார்.

அவள் ஓடிப்போய் அவனை மறித்தாள்.

"நாலு வருஷம். கைத்தோல் உரியும். அப்பவும் தோத்தாலும் தோப்போம்... வர்றியா?"

"படகுக்கா?"

அவளுக்கு மூச்சிரைத்தது. கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

"படகுக்கும்."