பதினான்காம் நாள் இருட்டு

நாச்சியா மாங்குளத்தில் பஸ்ஸால் இறங்கி, விமலேஸ்வரியின் வீட்டைக் கண்டுபிடித்துப் படலையைத் தட்டியபோது பின்னேரம் நாலு மணி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் கைபேசியும் நாலாக மடித்த ஒரு தாளும் இருந்தன. தேநீர் வேண்டாம் என்றார், வைத்ததும் குடித்தார்.

விமலேஸ்வரி முப்பது வருடம் காணிப் பதிவு வேலையில் இருந்து கள்ள உறுதிப் பத்திரங்களைப் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சனம் அவரை விட்டபாடில்லை. கூட நிற்பவன் கிருசாந்தன். நாற்பது வயது, சொந்த ஓட்டோ. வாடகைக்கு ஓடுவதைவிட ஆளைப் பிடிப்பதில்தான் அவனுக்கு ஆசை. அதனால் ஓட்டோ பெரும்பாலும் விமலேஸ்வரியின் மாமரத்தடியில் நின்றது.

"ஆறுதலாச் சொல்லுங்கோ," என்றார் விமலேஸ்வரி.

"தொண்ணூறிலை முஸ்லிம் சனத்தைக் கலைச்சேக்க ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள் அக்கா. புத்தளத்திலை முப்பது வருசம். என்ரை மனிசன் அங்கையே மௌத்தாப் போனார். காணிக்குத் திரும்பிப் போய் ஒரு வீட்டைக் கட்டு எண்டதுதான் அவர் கடைசியாக் கதைச்சது. முல்லைத்தீவுக் கடற்கரையிலை அரை ஏக்கர். அத்திவாரம் போட்டாச்சு. கிணறு வெட்டேக்கதான் இந்தக் கல் வந்தது."

கைபேசியில் படத்தைக் காட்டினார். கறுப்புக் கல். மேலே ஏழு கிளை விளக்கு, கீழே யாருக்கும் விளங்காத எழுத்து. கல்லின் அடிப்பக்கத்தை இறுகிய மண் மூடியிருந்தது.

"பக்கத்துக் காணி சுகிர்தன் மாஸ்டர் படிச்ச மனிசன். அவர் அப்ப யாழ்ப்பாணத்திலை மகள் வீட்டிலை நிண்டவர். இந்த ஒரு படத்தைத்தான் அனுப்பினனான். அடுத்த நாளே வாசிச்சு, தாளிலை எழுதி, பஸ்ஸிலை குடுத்து விட்டிட்டார். யூதர்களின்ரை எழுத்தாம்."

தாளில் இப்படி இருந்தது: "எருசலேமில் எங்கள் ஆலயம் எரிந்த பத்தாம் ஆண்டு, முதல் மாதம், பதினான்காம் நாள். மாலையில் இக்கரையில் பஸ்கா ஆட்டைப் பலியிட்டோம். அன்றிரவு, நிலவு பிறக்காத இருளில், எங்கள் கப்பல் உடைந்தது. மாண்ட எட்டுப் பேரை இங்கே அடக்கம் செய்தோம்."

"பழைய யூத வியாபாரியளின்ரை சவக்காலையாம்," என்றார் நாச்சியா. "அரசாங்கத்துக்குத் தெரிஞ்சா தொல்பொருள் இடமெண்டு எல்லைக்கல் போட்டிடுவினமாம். பிறகு ஒரு செங்கல்லும் வைக்கேலாதாம். அதுக்கு முதல் வந்த விலைக்கு வித்திடுங்கோ எண்டு மாஸ்டர் சொல்லுறார். புரோக்கர் வினோதனும் ஒரு பார்ட்டி இருக்கு எண்டு வந்து நிக்கிறார். வெள்ளிக்கிழமை கையெழுத்து."

"வினோதன்தான் மிஸ்!" என்று கிருசாந்தன் எழும்பினான். "அந்தாளை எனக்குத் தெரியும்."

"கல்லைப் பாத்திட்டு ஆளைப் பாப்பம், கிருசாந்தன்."

இருட்டுவதற்கு முன் ஓட்டோவில் கொண்டுபோய் விடவா என்று அவன் கேட்டான். நாச்சியா மறுத்தார். "பஸ்ஸாலை இறங்கி நடந்திடுவன் தம்பி. இண்டைக்குப் பிறை பதினாலு. றோட்டெல்லாம் பகல் மாதிரி இருக்கும்."

விமலேஸ்வரி அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். ஏன் என்று கிருசாந்தனுக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலையில் இருவரும் கடற்கரைக்குப் போனார்கள். கல் அத்திவாரத்தின் ஓரத்தில் தறப்பாளின் கீழ் கிடந்தது. அடியில் ஒட்டியிருந்த மண்ணை யாரும் இன்னும் தொடவில்லை. கிருசாந்தன் வாளித் தண்ணீரும் தென்னந்தும்புமாக அரை மணித்தியாலம் தேய்த்தான். மண் கரைந்து போக, மேலும் இரண்டு வரி எழுத்து வெளியே வந்தது. மொத்தம் ஏழு வரி. அவற்றைப் படம் எடுத்து, யூதரின் எபிரேய மொழி படித்த ஒரு பாதிரியாருக்கு அனுப்பினார்கள்.

"கிணத்துக்கு எப்ப இடம் குறிச்சனீங்கள்?" என்று விமலேஸ்வரி கேட்டார்.

"போன மாசம். வெட்டுற ஆள் பிந்தித்தான் வந்தவர்," என்றார் நாச்சியா.

அடுத்த இரண்டு நாளும் கிருசாந்தனுக்குப் பெரிய ஏமாற்றம். வினோதனைப் பின்தொடரலாம் என்று அவன் பெற்றோல் நிரப்பி வைத்திருக்க, விமலேஸ்வரி கிளிநொச்சியில் இரவல் வாங்கிய தடித்த புத்தகம் ஒன்றோடு கதிரையை விட்டு அசையவில்லை. பழங்கால யூதர்களின் வரலாறு. வியாழன் மாலை பாதிரியாரின் பதில் வந்தபோது கிருசாந்தனின் முகம் தொங்கிப் போயிருந்தது.

"தோத்திட்டம் மிஸ். மாஸ்டர் வாசிச்சது சரியாம்."

"முழுக்கவோ?"

"ஓம். ஏழு வரியும் ஒரு பிழையில்லை."

"அப்ப நல்லது," என்று விமலேஸ்வரி புத்தகத்தை மூடினார். "நாளைக்கு உறுதி எழுதிற நொத்தாரிசு வர முதல் அங்கை நிக்கவேணும்."

வெள்ளி காலை நாச்சியாவின் வளவில் நாலு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தது. வினோதன் பத்திரங்களோடு வந்திருந்தார். சுகிர்தன் மாஸ்டர் வெள்ளைச் சட்டையில், துக்க வீட்டுக்கு வந்தவர்போல அடக்கமாக இருந்தார்.

"கையெழுத்துக்கு முதல் ஒரு கதை," என்றார் விமலேஸ்வரி. "இந்தக் கல்லை வெட்டினவருக்கு யூதர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். முதல் மாதம் பதினாலாம் நாள் மாலை பஸ்காப் பண்டிகை எண்டது சரி. பலி எண்ட இடத்திலைதான் எனக்கு முதல் ஐமிச்சம் வந்தது. அந்தச் சனம் ஆதியிலை ஊருக்கு ஊர் பலிபீடம் வைச்சிருந்தது. பிறகு எருசலேமிலை மட்டும்தான் பலி எண்டு கட்டளை வந்தது. ஆலயம் எரிஞ்சாப் பிறகு பலியை விட்டிட்டு, செபமும் வேத வாசிப்பும் வீட்டுச் சாப்பாடுமாப் பண்டிகையைக் கொண்டுபோச்சினம். பத்து வருசம் கழிச்சு முல்லைத்தீவிலை ஆடு வெட்டினது புதினம்தான்."

"அப்ப கள்ளக் கல்!" என்றான் கிருசாந்தன்.

"அவசரப்படாதேங்கோ. ஒரு காலத்திலை எகிப்திலை இருந்த யூதர் சிலர் தங்கடை பாட்டுக்குக் கோயில் கட்டிப் பலி குடுத்தவை. அதாலை அதை நான் சாட்சியா எடுக்கேல்லை. நிலவை எடுத்தனான்."

விமலேஸ்வரி குறிப்புப் புத்தகத்தை விரித்தார்.

"அவையின்ரை மாதம் பிறையோடை துவங்கும், நாச்சியாவின்ரை மாதம் மாதிரி. பதினாலாம் நாள் எண்டா எந்த ஊரிலையும் நிலவு ஏறக்குறைய முழுசா நிக்கும். மழை முகில் எண்டு கல்லிலை இல்லை, நிலவு பிறக்காத இருள் எண்டுதான் இருக்கு. அந்த வசனத்தை ஒரு யூதர் எழுதமாட்டார், ஒரு முஸ்லிமும் எழுதமாட்டார். எங்கடை ஆள்தான் எழுதும். நாங்கள் மாதத்தைச் சூரியனை வைச்சு எண்ணுறம், பதினாலாம் தேதி எந்தப் பிறையும் வரலாம். முதல் மாதம் எண்டதும் சித்திரைக் கலண்டரைப் பாத்திருக்கிறார். இந்த வருசம் சித்திரை பதினாலு அமாவாசை."

"எங்கடை ஆள் எண்டா நானும்தான்," என்று வினோதன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

"இருங்கோ. மாஸ்டர், நீங்கள் எதைப் பாத்து வாசிச்சனீங்கள்?"

"நாச்சியா அனுப்பின படத்தைத்தான்," என்றார் சுகிர்தன். "பாதிரியாரே சரியெண்டிட்டார் எண்டு கேள்விப்பட்டன்."

"சரிதான். தேவைக்கும் கூடச் சரி." விமலேஸ்வரி நாச்சியாவின் கைபேசியை அவரிடம் நீட்டினார். "இந்தப் படத்திலை அஞ்சு வரிதான் தெரியுது. மற்ற இரண்டையும் மண் மூடியிருக்கு. கப்பல் உடைஞ்சதும் எட்டுப் பேரைப் புதைச்சதும் அந்த இரண்டு வரியிலைதான். கிருசாந்தன் கழுவின பிறகுதான் அதுகள் வெளியிலை வந்தது. உங்கடை தாள் அதுக்கு முதலே என்ரை மேசைக்கு வந்திட்டுது. கல்லை நிலத்திலை தாட்டவருக்கு மட்டும்தான் அது தெரியும். கிணத்துக்கு இடம் குறிச்சு ஒரு மாசம் கிடந்தது, தாட்டு விட நேரம் காணும்."

மாஸ்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விமலேஸ்வரி வினோதன் பக்கம் திரும்பினார். "பார்ட்டி ஆர்?"

வினோதன் பத்திரங்களைக் கீழே வைத்தார். "மாஸ்டரின்ரை மருமகன். பின்காணியிலை ஹோட்டல் கட்டப் போறாராம். கடலுக்கு இறங்க இதாலைதான் பாதை. கல்லைப் பற்றி எனக்குச் சத்தியமாத் தெரியாது அம்மா."

கிருசாந்தன் வினோதனைப் பார்க்க வெட்கப்பட்டு ஓட்டோவைப் பார்த்தான்.

"கணினியிலை போட்டா எந்தப் பாஷையும் வரும்," என்றார் சுகிர்தன் மெல்ல. "ஆனா நான் சும்மா செய்யேல்லை. நாலு மாசம் இருந்து படிச்சனான். ஆலயம், பஸ்கா, சிதறிப் போனது எல்லாம்."

நாச்சியா எழும்பினார். "கோயிலும் ஊரும் பறிபோன சனத்தைப் பற்றி நாலு மாசம் படிச்சனீங்கள் மாஸ்டர். படிச்சு முடிச்சிட்டு என்னையோ கலைக்கப் பாத்தனீங்கள்?"

பொலிசுக்குப் போவதா என்று விமலேஸ்வரி கேட்டபோது, பின்னேரம் போவோம் என்றார் நாச்சியா. அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது என்று மேசனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஓம் தம்பி, இண்டைக்கே வாங்கோ. சுவரைக் கட்டுவம்." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். நாச்சியா சுகிர்தனின் வேலியைத் திரும்பிப் பார்த்தார். "வாசலோ? மாஸ்டர் வீட்டுப் பக்கம் வையுங்கோ. நான் இருக்கிறதை அவர் ஒவ்வொரு நாளும் பாக்கட்டும்."