ஐந்து இலக்கப் பிணம்

டெலிபோன் அலறியது!

"மருத்துவ ஆராய்ச்சி நிலையமா? இன்ஸ்பெக்டர் பேசறேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு பிணம். யாரோ தள்ளிவிட்டிருக்காங்க. சட்டைப் பையில உங்க நோயாளிகள் லிஸ்ட்ல ஒரு பக்கம்! ஒருத்தரும் நகரக்கூடாது... வரேன்!"

அரை மணி நேரத்தில் அந்தத் தாள் டைரக்டரின் மேஜை மேல் கிடந்தது.

"செத்தவர் தன் வியாதியை ஆபீசுக்கு மறைச்சவர்," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தத் தாளைக் காட்டி, வெளியே சொல்லிடுவேன்னு எவனோ மிரட்டியிருக்கான். போலீசுக்குப் போறேன்னிருக்கார்... போயே சேர்ந்துட்டார்! லிஸ்ட் எப்படி வெளியே வந்துச்சு?"

"இதோ, இந்த வெளியாள்தான்!" டைரக்டர் விரலை நீட்டினார்.

எந்தத் தெருவில் நோய் அதிகம் என்று கணக்கிட வெளியிலிருந்து வந்த நிபுணன் துள்ளி எழுந்தான்.

"நாக்கை அடக்கிப் பேசுங்க சார்!"

"இவனை உள்ளே விட்டது யார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்," என்றாள் சாவிக்காரி.

வெளியாட்களுக்கு நோயாளிகளின் விவரங்களைத் திறந்துவிடுவது அவள் வேலை. அதனால் வந்த பட்டப்பெயர்.

"அப்போ ரெண்டு பேரும் ஜீப்புல ஏறுங்க!"

அவள் மேஜை மேல் குனிந்தாள். கண் தாளை விட்டு அகலவில்லை.

41873. ரத்தப் புற்றுநோய். செத்தவரின் முகவரி.

முகவரி சரி... அந்த எண்ணில் நோயாளியே இல்லை! நிலையத்தில் எல்லோருக்கும் ஆறு இலக்க எண். தாளில் அத்தனையும் ஐந்து!

"இவரைச் சும்மா உள்ளே விடலை சார்," என்றாள். "பயிற்சி கொடுத்தேன். பரீட்சை வெச்சேன். ரகசியம் காப்பேன்னு எழுதி வாங்கினேன். கைரேகை வெச்சாதான் கண்ணாடி அறை திறக்கும். போன், பேனா, பேப்பர் எல்லாம் வாசல்லயே வாங்கிடுவேன். உள்ளே ஒரு திரை மட்டும்தான். பிரிண்டர்கூடக் கிடையாது."

"மனப்பாடம் பண்ணியிருப்பான்!" என்றார் டைரக்டர்.

"லிஸ்ட்ல இருக்கிற ஐந்நூறு முகவரியையுமா? பொண்டாட்டி போன் நம்பரே எனக்கு ஞாபகமில்ல!" என்று சீறினான் வெளியாள்.

"போடா சைபர்!" டைரக்டர் மேஜையைக் குத்தினார்.

சைபர்...

சாவிக்காரி நிமிர்ந்தாள்!

"சார்... நம்ம எண் எல்லாமே சைபர்லதான் ஆரம்பிக்கும். செத்தவர் எண் 041873!"

"அதனால என்னம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சாதாரண கணக்கு சாஃப்ட்வேர்ல இந்தப் பட்டியலைத் திறந்தா, முன்னால நிக்கிற சைபருக்கு மதிப்பில்லைன்னு அதுவே முழுங்கிடும். கண்ணாடி அறையில அந்த சாஃப்ட்வேரே இல்ல. அங்க எண்ணைப் பேர் மாதிரி எழுத்தெழுத்தா வெச்சிருக்கோம். இவர் மனப்பாடமே பண்ணியிருந்தாலும் சைபரோடதான் பண்ணியிருப்பார்!"

"அப்போ இது..?"

"கண்ணாடி அறைக்கு வராத பிரதி. பட்டியலை எனக்கு அனுப்பினது டைரக்டர் சார். தன்கிட்ட இருந்ததை அன்னிக்கே அழிச்சுட்டதாக் கையெழுத்தும் போட்டிருக்கார்."

டைரக்டரின் கை மவுசை நோக்கி நகர்ந்தது...

இன்ஸ்பெக்டரின் கை முந்தியது!

மானிட்டர் திரும்பியது. அழிக்கப்பட்ட பட்டியல் உயிரோடு இருந்தது. அதே வரிசை, அதே பக்கம், அதே 41873. நேற்று அச்சடித்ததற்கான பதிவு வேறு!

"யோவ்... ஒரு சைபரை வெச்சு என்னை உள்ளே தள்ளுவியா?"

"பட்டியல் கசிஞ்சது இந்த கம்ப்யூட்டர்லேருந்துதான். படிக்கட்டுல தள்ளின கை யாருதுன்னு ஸ்டேஷன்ல பேசிக்கலாம்," என்றபடி இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"கவலைப்படாதீங்க சார்..." என்றாள் சாவிக்காரி. "ஜெயில்ல உங்களுக்கும் ஒரு நம்பர் தருவாங்க. சட்டையிலயே தெச்சிருக்கும்... எந்த சாஃப்ட்வேரும் முழுங்காது!"