கொசுறு இளைப்பு

ஒரு முழு இளைப்பின் விலை, அன்றைய மாலை நிலவரப்படி, நாற்பது ரூபாய். முழு இளைப்பு என்றால் ஒரு மனிதன் வாயைப் பிளந்து, இடுப்பில் கைவைத்து, 'இனி முடியாது சாமி' என்று நின்றுவிடும் அளவு. அரை இளைப்பு இருபத்திரண்டு. சில்லறை என்றாலே கொஞ்சம் கூடத்தான். வேல்மயில் அண்ணாச்சி மிளகாய் வத்தல் மொத்த வியாபாரி. எதையும் சில்லறையில் வாங்கிப் பழக்கமில்லாதவர். மூன்று மாதத்துக்கு மொத்தமாகப் பேசி, முழு இளைப்பை இருபத்தாறுக்கு முடித்திருந்தார்.

தூத்துக்குடிக்கும் கடலுக்கும் நடுவே எழுப்பியிருக்கும் அணைச்சுவரின் மேல், வெயில் தாழ்ந்ததும் ஊரே ஓட வந்துவிடும். பார்க்க விசித்திரமான ஓட்டம். ஒருவருக்கும் மூச்சு இரைக்காது. வக்கீல்கள் வழக்கு பேசிக்கொண்டே ஓடுவார்கள். உப்பள முதலாளி ஒருவர் முறுக்கு தின்றுகொண்டே ஓடுவார். இருபது வருடத்துக்கு முன்பு இப்படி ஓடியிருந்தால் பேய் பிடித்தவர்கள் என்றிருப்பார்கள்.

அண்ணாச்சி கல்லூரி நாளில் மாவட்ட ஓட்டக்காரர். பிறகு கல்லாவில் உட்கார்ந்தவர்தான். நெஞ்சில் அடைப்பு எடுத்த பிறகே எழுந்தார். "எடுத்தவுடனே ஓடாதீங்க. சாயங்காலம் காற்றாட நடங்க. பிறகு ஒரு விளக்குக் கம்பம் நடை, ஒரு கம்பம் மெதுவோட்டம். அவசரமே வேண்டாம்" என்றார் மருத்துவர். அண்ணாச்சிக்கு நடையில் ஆட்சேபம் இல்லை. இளைப்பதில்தான் ஆட்சேபம். அதற்குத்தான் இருக்கிறதே இளைப்பு வில்லை.

கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைக்கும் சின்ன வில்லை. ஓட்டத்தின் பலன் ஓடுகிறவருக்கே சேரும். காலும் நெஞ்சும் உரமேறும். திணறலும் களைப்பும் மட்டும் தாங்குகூடத்தில் சாய்வு நாற்காலியில் கூலிக்குப் படுத்திருக்கும் யாரோ ஒரு தாங்கிக்குப் போய்விடும். அந்தத் தாங்கியின் உடம்பிலும் இதே வில்லைதான். ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. அண்ணாச்சி மனைவி செல்வக்கனிக்குக்கூட, தீபாவளிச் சலுகையில் ஒன்று வாங்கினால் ஒன்று என்று வைத்தது.

மூன்று மாதம் முன்பு, முகவர் ரொசாரியோவுடன் பேரம் இப்படி நடந்தது.

"வே ரொசாரியோ, முப்பதுக்குக் கீழ இறங்க மாட்டேங்கீரே. உம்ம ஆளு படுத்துக்கிட்டுத்தானவே இளைக்கான்?"

"படுத்துக்கிட்டு இளைக்கது லேசுன்னு நினைக்கீயளா அண்ணாச்சி? ஒரு நாளு வந்து படுத்துப் பாருங்க."

"படுத்தா எனக்கு என்ன கூலி தருவீரு?"

ரொசாரியோ சிரித்துவிட்டான். பேரத்தில் சிரித்தவன் இறங்கித்தான் ஆகவேண்டும். இருபத்தாறு.

"சரி, கொசுறு?"

"களைப்புலயுமா கொசுறு!"

"பத்து ரூவா கறிவேப்பிலைக்கே கேக்குதோம், இதுக்குக் கேக்க மாட்டமா?"

"தினம் கடைசி ஓட்டம் இனாம். குடும்பத் திட்டத்துல போட்டுருதேன். ரேகை வையுங்க."

வைத்தார். வத்தல் மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் வாங்காத மனுஷன். ஆனால் கொசுறை யாரும் குத்திப் பார்ப்பதில்லை. அது வியாபார மரியாதை. பையை விரித்துப் பிடிக்க வேண்டும், விழுந்ததை வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும்.

இன்றைக்கு அண்ணாச்சி நல்ல நிலையில் இருந்தார். மூன்று கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. காதுக்கருவியில் செல்வக்கனி பேசிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாளாகவே அவளுக்குச் சாயங்காலமானால் நெஞ்சை அடைக்கிறது. தொடக்கத்தில் படம் எடுத்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. நாளைக்கு மதுரையில் பெரிய மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"எங்கூட நடக்க வந்தா எல்லாம் சரியாயிரும்."

"ஆமா, நீங்க குதிரை மாதிரி ஓடுவீய, நான் பின்னால கொள்ளுப் பையத் தூக்கிட்டு வரணும். மாடிக்குத் துணி எடுக்கப் போறேன், சும்மா இருங்க."

வில்லை ஒருமுறை அதிர்ந்தது. கூலி கொடுத்த பங்கு முடிந்தது, இனிக் கொசுறு. அண்ணாச்சி உற்சாகமாக வேகத்தைக் கூட்டினார்.

"என்னங்க... திரும்பவும்..." செல்வக்கனிக்குப் பேச்சு அறுந்தது. மூச்சு புஸ்புஸ்ஸென்று கேட்டது.

நின்றார். "என்னம்மா?"

கொஞ்ச நேரத்தில் குரல் தெளிந்தது. "ஒன்னுமில்ல. வழக்கமா வாரதுதான். இப்ப பரவால்ல."

மறுபடி ஓடினார். மறுபடி புஸ்புஸ். நின்றார். தணிந்தது.

எந்த எடையையும் இரண்டாம் தடவை நிறுத்துப் பார்க்காமல் நம்பாத கை அவருடையது. சந்தேகம் தீர வேண்டுமே என்று வேண்டுமென்றே பத்தடி பாய்ந்து ஓடினார். காதில் துணி வாளி உருளும் சத்தம். பிறகு அதைவிடக் கனமாக எதுவோ விழுந்த சத்தம்.

அண்ணாச்சி அப்படியே நின்றார். எடை சரிதான். நிறுத்துப் பார்த்த கூலியையும் அவளே கொடுத்துவிட்டாள்.

நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டிய நேரம். அடிப்பது அவருக்குத் தெரியவில்லை. தொண்டை உலரவில்லை. தொட்டில் பிள்ளை மாதிரி மூச்சு சீராக வந்துபோனது. அவர் அசையாமல்தான் நிற்கிறார். ஆனால் காதில் அவள் இளைப்பு இரட்டிப்பாகிக்கொண்டே போகிறது. அப்போதுதான் விளங்கியது. அவருடைய பயமும் அவளுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ரொசாரியோவைக் கூப்பிட்டார். "எங்க வீட்டு வில்லையிலயாவே போட்டீரு?"

"குடும்பத் திட்டம்னு சொல்லித்தான ரேகை வாங்குனேன்? இனாம் ஓட்டத்துக்கு நான் எந்தத் தாங்கிக்கு அண்ணாச்சி கூலி குடுக்கது?"

"அறுத்து விடும்வே, இப்பவே!"

"நடுவுல அறுத்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து. உங்க நாடி இறங்குனாத் தானா அணைஞ்சிரும். ஓடாதீங்க, பதறாதீங்க."

"எம்பொண்டாட்டி மாடிப்படியில விழுந்து கெடக்கா!"

"அதுக்குத்தான் சொல்லுதேன். மருத்துவ வண்டிய நான் அனுப்புதேன். நீங்க நடந்து போங்க. காற்று வாங்கப் போறவரு மாதிரிப் போங்க."

சுவரின் மேல் வண்டி வராது. இறங்கும் படிக்கட்டு அவர் தெருவுக்கு எதிரே, ஆறு கம்பம் தள்ளி. நடந்தார். கைகளைத் தளர விட்டு, பொழுதுபோகாத பணக்காரர் மாதிரி நடந்தார். விருதுநகர் வத்தல் விலை, குண்டூர் விலை, லாரி வாடகை என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். வாடகையில் கோபம் வந்தது. அதை விட்டுவிட்டார், கோபத்துக்கும் அவள்தானே இளைக்க வேண்டும்.

முறுக்கு முதலாளி எதிரே வந்தார். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு ஓட்டம் இல்லையா?"

"நடக்கத்தான் சொன்னாரு டாக்டரு" என்று பல்லைக் காட்டினார். அந்தச் சிரிப்புக்கு அவர் பட்ட பாடு மூட்டை தூக்குகிறவன்கூடப் பட்டிருக்க மாட்டான்.

"வாரீயளா?" என்றது காதில் ஒரு துண்டுக் குரல்.

"வாரேன். பேசாத."

"மெதுவா... வாரீய போல."

"ஆமா."

"என்னைக்கு... வீட்டுக்கு அவசரமா வந்தீய?"

அழுதால் அவளுக்குத்தான் முட்டும் என்று அழாமல் நடந்தார். கம்பத்துக்குக் கம்பம் அவள் மூச்சு நீண்டது. கடைசிக் கம்பத்தைத் தாண்டிப் படியில் இறங்கும்போது வில்லை ஒருமுறை துடித்து அணைந்தது.

அடுத்த நொடி எல்லாம் அவர்மேல் விழுந்தது. நெஞ்சு முட்டியது, கண் இருட்டியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஓடினார். யாரும் தாங்காத ஓட்டம். தெரு முழுக்க எச்சிலும் வியர்வையும் சிந்த, செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

மருத்துவ வண்டி முந்தியிருந்தது. நிலைப்படியில் செல்வக்கனியைச் சாய்த்து, முகத்தில் பிராணவாயு மூடி வைத்து, கைக்கருவியில் நெஞ்சைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள் செவிலிப் பெண். "பொழச்சிட்டாங்க. ஆனா இதயம் ரொம்ப வீங்கியிருக்கு சார். இன்னும் ஒரு வாரம் இப்படிப் போயிருந்தா மதுரைக்குக் கொண்டு போறதுல அர்த்தமே இருந்திருக்காது. இனி இவங்க படியேறக் கூடாது. எப்பவுமே."

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து இளைத்தார். நடந்ததை இளைப்புக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னார். செல்வக்கனி மூடியை விலக்கினாள்.

"கேட்டு வாங்குனீயளா?"

"கொசுறாக் கேட்டேன்."

"கொசுறா?" அவள் கண் அவர் முகத்திலேயே நின்றது. "என்னையவா?"

அவருக்கு இளைப்புத்தான் வந்தது. அவள் கையை நீட்டி அவர் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள்; உண்மையாகவே துடிக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தாள். அவளும் வியாபாரி வீட்டில் பிறந்தவள்தான்.

"மூணு மாசமா தினம் ஒரு இளைப்பு எம்பேர்ல. இன்னைக்கு ஒன்னு உங்க பேர்ல" என்றாள். "மீதி அம்புட்டும் பாக்கி நிக்கி."