கெபாயாவில் ஒரு தாவணி

பெர்லின் ரயிலை ஏற்றிவந்த கப்பல் டென்மார்க்கின் கெட்சர் துறைமுகத்தை நெருங்க நெருங்க, அமலராணி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். வெளியே மழை... உடம்பில் மலாய்ப் பெண்களின் கெபாயாச் சட்டை, பூப்போட்ட பாத்திக் சாரம், தோளில் சால்வை. கைப்பையில் யாரோ ஒரு சித்தி அமீனாவின் மலேசியப் பாஸ்போர்ட். "பிடிபட்டியோ, அடுத்த பிளேனிலை கொழும்பு!" என்று பெர்லின் ஏஜென்ட் சொல்லியிருந்தான். கொழும்பில் இறங்கினால் என்ன நடக்கும் என்று எண்பத்தைந்தில் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எதிரே இருந்த இளைஞன் அவளையே பார்த்தான். அப்பப்பா, என்ன கண்கள்!

"கோவியாதேங்கோ... சால்வையை இடுப்பிலை செருகியிருக்கிறியள்."

தூக்கிவாரிப் போட்டது. "நான் மலாய்க்காரி. எனக்குத் தமிழ் தெரியாது!"

சொன்ன பிறகுதான் எந்த மொழியில் சொன்னோம் என்று உறைத்தது.

"தெரியாதெண்டு வடிவாத்தான் சொல்லுறியள்" என்று சிரித்தான் அவன். "நான் பிறந்தது மலேசியாவிலை, கிள்ளான்; வளந்தது யாழ்ப்பாணம். கிள்ளானிலை ஆரும் இதைத் தாவணி மாதிரிச் செருகமாட்டினம். பொலிசுக்குச் சால்வை விளங்காது... ஆனா உங்கட பயம் விளங்கும். உள்ளதைச் சொல்லி அகதி எண்டு கேளுங்கோ. நானும் இதே துறைமுகத்திலை அப்பிடித்தான் கேட்டனான். இப்ப ஹேர்னிங் எண்ட ஊரிலை துணி ஃபக்டரியிலை வேலை. பேர் தேவராசா."

முன்பின் தெரியாதவனை நம்புவதா? அமலராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கெட்சரில் இறங்கி, பாஸ்போர்ட் வரிசையில் போய் நின்றாள். பொலிஸ்காரர் பாஸ்போர்ட்டைப் புரட்டி ஏதோ கேட்டார். கேள்வி விளங்காமல் அவள் சால்வையை மறுபடியும் இடுப்பில் செருகினாள்.

அவளைத் தாண்டிப் போயிருந்த தேவராசா திரும்பி வந்தான். டேனிஷில் ஏதோ சொன்னான். பொலிஸ்காரரின் முகம் கடுத்தது. அவனுடைய பத்திரங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஆள் கடத்திறவனெண்டு நினைக்கிறார்" என்றான், வெளிறிப் போய்.

"ஐயோ... நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

"உங்களை விட்டிட்டுப் போகக் கால் வரேல்லை. பெர்லினிலை ரயில் ஏறினதிலையிருந்து உங்களைத்தான் பாத்துக்கொண்டு வாறன். எனக்கும் பயமாத்தான் கிடக்கு... ஆனா உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு."

அவனுக்காவது ஒன்றும் ஆகக்கூடாது! அமலராணி நிமிர்ந்தாள்.

"அந்தப் பாஸ்போர்ட் என்ரை இல்லை எண்டு சொல்லுங்கோ. நான் அமலராணி. யாழ்ப்பாணம். அகதி."

தேவராசா மொழிபெயர்த்தான். பொலிஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"என்னை உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேக்கிறார்..."

"தெரியாதெண்டு சொல்லுங்கோ. இண்டைக்குத்தான் கண்டனான்." கண்ணீரோடு அவனைப் பார்த்தாள். "ஆனா... இனித் தெரியாமல் இருக்க என்னாலை ஏலாது."

முதல் பாதியை மட்டும் தேவராசா மொழிபெயர்த்தான்.