வலது இருக்கையின் எடை

யேலா ஓட்டிய குட்டி விமானம் எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பவில்லை.

அந்த இடம் பயிற்சி ஆசிரியர் ராதிவோயெக்கு அத்துப்படி. மாணவர்கள் முதன்முறை தனியாகப் பறக்கும்போது, வலப்பக்கத்து இருக்கையிலிருந்து ஆசிரியர் இறங்கிவிடுவதால், விமானம் பாதி ஓடுதளத்திலேயே துள்ளி ஏறிவிடும். அது தன் போதனையின் மகிமை என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். காரணம் அவருடைய தொப்பை என்பது பறக்கும் சங்கம் முழுக்கத் தெரிந்த விஷயம். தோளில் நான்கு தங்கப் பட்டை வேறு. பட்டாளத்தில் போர்விமானம் ஓட்டியதாகப் பேச்சு. கூட இருந்தவர்கள் அவர் விமானத்தைத் துடைத்ததைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இன்று தனியாகப் போவது அவருடைய அக்கா மகள் யேலா. விமானம் நகர்ந்ததும், வழக்கப்படி அதன் பின்னால் ஒரு குவளைத் தண்ணீரைப் புல்லில் ஊற்றினார். தண்ணீர்போலத் தங்குதடையில்லாமல் போய் வரட்டும் என்று. விமானம் ஓடியது, இன்னும் ஓடியது, கோடை வெக்கையில் நெளிந்துகொண்டே கடைசி வேலியை உரசுவதுபோல் முனகி ஏறியது. அவரும் உள்ளே இருந்தால் எப்படி ஏறுமோ, அப்படி.

"என்ன கேப்டன், தொப்பைய உள்ளயே விட்டுட்டு எறங்கிட்டியா?" யேலா திரும்பி வந்தால் கொண்டாடுவதற்குத் தர்ப்பூசணி வெட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் மிலுத்தின் கேட்டான்.

"வெக்கை. காத்துக்குத் தெம்பு இல்ல. உனக்கெங்க புரியும்."

கையிலிருந்த ரேடியோ கரகரத்தது. "மாமா, ஸ்டிக் இறுகுது."

"பயந்தா எல்லாம்தான் இறுகும். கையத் தளர்த்துடி."

"தளர்த்திட்டேன். உங்க பக்கத்து ஸ்டிக்க யாரோ புடிச்சிருக்க மாதிரி இருக்கு."

விமானத்தைத் திருப்பும் ஸ்டிக் இரண்டு இருக்கைக்கும் ஒவ்வொன்று; இரண்டும் இணைந்தவை, ஒன்றைப் பிடித்தால் மற்றது அசையாது. ராதிவோயெ மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"மிலுத்தின், காலி சீட்டோட பெல்ட் சிக்கியிருக்குமோ?"

"நானே இழுத்து மாட்டுனேன். நல்ல சீட்டு அது. சினிஷாவோடது."

"எது?"

"விழுந்த விமானத்துலேர்ந்து எடுத்தது. கீறல்கூட இல்ல, தூக்கிப்போட மனசு வருமா? நீதானே சரின்ன. ஒரு வாரமா அதுமேலதான உக்காந்திருக்க."

சினிஷா. போன இலையுதிர் காலத்தில் தனியாகப் போய்ச் சூரியகாந்தி வயலில் விழுந்து செத்தவன். நல்ல பையன்தான், பயந்தால் ஸ்டிக்கை விடமாட்டான். விமானத்தைத் தானே ஓட்ட எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் "என் கையில" என்றதும் மாணவன் "உங்க கையில" என்று சொல்லி, ஸ்டிக்கை விட்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்ட வேண்டும் என்பது ராதிவோயெ போட்ட சட்டம். சினிஷா தூக்கியதே இல்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். அன்றைக்குப் பிரிக்க ஆளில்லை.

"மாமா, கருகுன வாடை வருது."

"எஞ்சினப் பாரு."

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. பக்கத்துலேர்ந்து வருது."

ரேடியோவில் மூச்சுச் சத்தம். ஒன்று வேகமாக. இன்னொன்று மெதுவாக.

மிலுத்தின் கத்தியைக் கீழே வைத்தான்.

விமானம் சூரியகாந்திகளுக்கு மேலே திரும்பியது. தாழ்ந்தது. இவர்களை நோக்கி வந்தது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. சாயங்கால வெயில் கண்ணாடிக்குள் புகுந்தது.

இரண்டு தலைகள்.

"மாமா, என்னால திருப்ப முடியல. ஏதாவது பண்ணுங்க. மாமா!"

அவர் என்ன பண்ண முடியும்? ஒரு கையில் ரேடியோ. ஒரு கையில் காலிக் குவளை. வாயில் இருந்தது ஒன்றே ஒன்று. பழகிய அதே அதட்டல்.

"விடுடா சினிஷா! என் கையில!"

ரேடியோ கரகரத்தது.

"உங்க கையில, மாமா." யேலாவின் குரல். சொல்லிக்கொடுத்தபடி. உடனே.

அதன் பின்னால், மெதுவாக, ஒரு பையனின் குரல்.

"உங்க கையில, கேப்டன்."

"ஸ்டிக்கப் புடி" என்று கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தலைக்கு மேலே விமானம் கடந்தது. மூக்கு வயலை நோக்கிச் சாய்ந்தது.

கண்ணாடிக்குள் நான்கு கைகள். உயரத் தூக்கியபடி. விரல்கள் விரிந்து.

இரண்டு நல்ல மாணவர்கள். அவருக்காகக் காத்திருந்தார்கள்.